ஆணி அடிக்கக் கூடாத வீடுகளில் குடியிருப்போருக்கு

அன்புள்ள குடித்தனக்காரர்களுக்கு,

வீடு காட்டும்போதே வீட்டுக்காரர் ஒப்பிக்கும் நிபந்தனைகள் உங்களுக்கும் மனப்பாடமாகியிருக்கும். வாடகை ஐந்தாம் தேதிக்குள் வந்துவிட வேண்டும். தண்ணீர் மோட்டாரை அவர்தான் போடுவார். அசைவம் கூடாது (இதைப் பற்றி எழுத வேறொரு மடல் வேண்டும், அது இவ்வளவு பொறுமையாக இருக்காது). கடைசியாக, கதவைப் பூட்டிக்கொண்டே சொல்வது: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.

அந்தக் கடைசி நிபந்தனைக்குக் கட்டுப்பட்டே வீட்டைப் பார்க்கும்படி வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். சொந்த வீடு வைத்திருப்பவர்கள் படித்தாலும் நஷ்டமில்லை. ஆனால் எழுதுவது உங்களுக்கு.

நம்மில் பாதிப்பேர் 'இது நம்ம வீடா என்ன' என்று ஒன்றுமே செய்யாமல் பத்து வருடத்தை ஓட்டிவிடுகிறோம். மீதிப்பேர் கையிலிருக்கும் காசைச் சுவரில் போடுகிறோம். ஒட்டும் வால்பேப்பர், செங்கல் மாதிரி தெரியும் ஸ்டிக்கர், ஒரு சுவருக்கு மட்டும் அடர்ந்த நீலப் பெயின்ட். காலி செய்யும் நாளில் ஸ்டிக்கர் பெயின்ட்டோடு உரிந்து வரும். வெள்ளையடிக்க என்று அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்கிற வழக்கத்துக்கு நாமே சாட்சி தயாரித்துக் கொடுத்ததாக ஆகும். சுவருக்குச் செய்த செலவை அடுத்துக் குடிவருகிறவர் அனுபவிப்பார். துணிக்குச் செய்த செலவு உங்களோடு குட்டி யானையில் ஏறி அடுத்த வீட்டுக்கு வரும். அதனால் சுவரை விட்டுவிடுங்கள், துணியைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

துணி கட்டி ஓர் இடத்தை உண்டாக்குவது நமக்குத் தெரியாத வித்தையும் இல்லை. திருவாரூர் ஆழித்தேர் அலங்காரம் இல்லாமல் நிற்கும்போது சுமார் 30 அடி உயரம். விழாவுக்குக் கட்டி முடித்தால் 96 அடி. இடையிலுள்ள அத்தனை உயரமும் மூங்கிலும் கயிறும் தேர்ச்சீலையும்தான். விழா முடிந்ததும் அவிழ்த்து மடித்து வைத்துவிடுகிறார்கள், மரத்துக்கு ஒரு கீறல் இல்லை. நவராத்திரியில் டிரங்குப் பெட்டியும் ஸ்டூலும் பலகையுமாக அடுக்கி, மேலே வெள்ளை வேட்டியை விரித்ததும் அது கொலுப்படி ஆகிவிடுகிறது. அந்தப் புத்தியை மற்ற நாட்களிலும் ஏன் பயன்படுத்தக் கூடாது?

ஒரே ஒரு விதியை மட்டும் நான் பிடிவாதமாக வைத்திருக்கிறேன். துணிக்கு முதலில் ஒரு வேலை கொடுக்க வேண்டும். வெயிலை மறைப்பது, பக்கத்து வீட்டுப் பார்வையை மறைப்பது, சாமான் குவியலை மறைப்பது, வெறும் டைல்ஸ் அறையின் எதிரொலியை அடக்குவது என்று ஏதாவது ஒன்று. வேலை செய்கிற துணியை அழகாக்குவது சுலபம். வேலையில்லாத துணி தூசி சேர்க்கும், அவ்வளவுதான். மிக்சிக்குச் சட்டை, பிரிட்ஜ் கைப்பிடிக்கு உறை, ரிமோட்டுக்குப் பை, காஸ் சிலிண்டருக்குப் பாவாடை என்று தைத்துத் தள்ளுவதை நான் வீட்டலங்காரத்தில் சேர்ப்பதில்லை. அவை பொருளுக்கும் நமக்கும் நடுவே நிற்கும் அழுக்கு. சிலிண்டரை மூடி வைப்பதோ ஆபத்தும்கூட.

சரி, துணி எங்கே? பீரோவின் கீழ்த்தட்டில் இருக்கிறது. கட்ட மனமில்லாத, கொடுக்கவும் மனமில்லாத காட்டன் புடவைகள், ஓரம் நைந்த வேட்டிகள், ஜோடி பிரிந்த பெட்ஷீட்டுகள். முதலில் இவற்றைத் தரம் பிரியுங்கள். எது பருத்தி, எது சிந்தெடிக் என்று சந்தேகம் வந்தால் ஓரத்திலிருந்து இரண்டு நூல் உருவி, வாஷ்பேசின் மேலே வைத்துத் தீக்குச்சியைக் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கடினமான மணியாக உறையும். பட்டு, முடி கருகும் நாற்றம் அடிக்கும். விளையாட்டாகத் தோன்றினாலும் இது தெரிந்திருக்க வேண்டியது அவசியம். உருகும் துணி சமையலறைப் பக்கமே போகக் கூடாது. அடுப்புக்கு அருகே உள்ள ஜன்னலில் பருத்தித் திரைகூட வேண்டாம் என்பேன். மற்ற ஜன்னல்களுக்குச் சிந்தெடிக் புடவை நன்றாகவே இருக்கும். சுருங்காது, சீக்கிரம் வெளுக்காது.

பட்டுப்புடவையை ஜன்னலில் தொங்கவிடாதீர்கள். வெயில் பட்டால் பட்டு இழை வலுவிழந்து மடிப்புகளில் கீறும். அதை வெளிச்சம் நேரே விழாத சுவரோரம் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது கணக்கு. வழக்கமான புடவை ஐந்தரை மீட்டர் நீளம், அதாவது சுமார் 216 அங்குலம். அகலம் 45 அங்குலத்தை ஒட்டி இருக்கும். 60 அங்குல நீளத்தில் ஒரு ஜன்னல் திரை வேண்டுமென்றால் மேலே கம்பி நுழைய 3 அங்குலம், கீழே மடிக்க 6 அங்குலம் சேர்த்து 69 அங்குலம் வெட்ட வேண்டும். இரண்டு திரைக்கு 138. மீதி 78 அங்குலம். மூன்றடி அகல ஜன்னலுக்கு இந்த இரண்டு திரைகளும் சேர்ந்தால் தாராளமாகக் கொசுவம் விழும். கஞ்சத்தனமாக ஜன்னல் அளவுக்கே துணி வைத்தால் எவ்வளவு விலையுயர்ந்த துணியும் போர்வையைக் காயப்போட்டதுபோல் தெரியும். ஜன்னல் அகலத்தைப்போல் குறைந்தது ஒன்றரை மடங்காவது துணி வேண்டும்.

புடவையின் கரை இதில் தானாக வந்து சேரும் லாபம். நீளவாக்கில் தொங்கவிட்டால் கரை இரண்டு ஓரங்களிலும் செங்குத்தாக இறங்கும். தாழ்வான கூரையுள்ள அறையில் அது கண்ணை மேலே இழுக்கும், அறை கொஞ்சம் உயர்ந்தாற்போல் இருக்கும். கடையில் திரைத்துணி எடுத்தால் இந்தக் கரைக்குத் தனியாகக் காசு.

மிஞ்சிய 78 அங்குலத்தில் முந்தானை இருக்கிறதல்லவா, அதுதான் குஷன் உறை. 16 அங்குலச் சதுரக் குஷனுக்கு ஜிப் வேண்டாம், பட்டன் வேண்டாம். புடவையின் குறுக்கே 17 அங்குலப் பட்டையாக வெட்டினால், அதன் நீளம் 45 அங்குலம் இருக்கும். 17 அங்குல ஓரங்கள் இரண்டையும் மடித்துத் தைத்துவிட்டு, துணியின் நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி தபால் உறைபோல் இரண்டு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவிட்டு, 16 அங்குலச் சதுரமாக வைத்துப் பக்கவாட்டில் இரண்டு நேர்த்தையல். திருப்பினால் உறை தயார். ஒன்றன்மேல் ஒன்று படியும் இடம் ஐந்து அங்குலமாவது இருக்கட்டும், இல்லையென்றால் குஷன் வாய்பிளந்து நிற்கும். இப்படி நான்கு உறை கிடைக்கும். உள்ளே வைக்க இலவம் பஞ்சு சுகம். போடிநாயக்கனூர்ப் பக்கத்திலிருந்து வருவது. கிடைக்காவிட்டால் பழைய பனியன்களைச் சிறுசிறு துண்டாக நறுக்கி அடையுங்கள். முழுசாகச் சுருட்டித் திணித்தால் கட்டி கட்டியாக முதுகில் உறுத்தும்.

வெட்டும் முன் இரண்டு காரியம். புதுப் பருத்தித் துணியாக இருந்தால் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்துவிடுங்கள். தைத்த பின் சுருங்கினால் அதற்கு மருந்தில்லை. சாயம் போகுமா என்று பார்க்க, ஈரமான வெள்ளைத் துணியால் ஒரு மூலையை அழுத்தித் தேயுங்கள். வெட்டுவதற்குக் கத்தரிக்கோல் திறமையும் தேவையில்லை. சாதாரண நெசவுப் பருத்தியை ஓரத்தில் ஒரு சிறு வெட்டு வெட்டிவிட்டு இரண்டு கையாலும் பிடித்து 'சர்ர்'ரென்று கிழித்தால், நூல் பிடித்து நேராகப் போகும். துணிக்கடையில் அவர்கள் செய்வது அதைத்தான்.

தைக்கத் தெரியாதே என்பவர்களுக்கு: இங்கே சொன்ன எல்லாமே நேர்த்தையல். தெருமுனை டெய்லர் சில நிமிடங்களில் அடித்துக் கொடுப்பார். ஆனால் தீபாவளி நெருங்கும்போது அவரிடம் திரைத்துணியை நீட்டாதீர்கள், ரவிக்கைகளுக்கு நடுவில் அது பொங்கல்வரை தூங்கும். டெய்லரும் வேண்டாமென்றால் கம்பியில் கோக்கும் கிளிப் வளையங்கள் வாங்கி, புடவையின் மேல்பக்கத்தை மடித்துக் கவ்வவிடுங்கள். வெட்டும் இல்லை, தையலும் இல்லை. அம்மாவின் புடவை, பாட்டியின் புடவை என்று கத்தரி வைக்கக் கை வராதவற்றுக்கு இதுதான் வழி. ஒரு பருவம் தொங்கவிட்டுத் திரும்ப மடித்து உள்ளே வைத்துவிடலாம்.

ஆணி இல்லாமல் கம்பியை எப்படி நிறுத்துவது? ஜன்னல் குழிவின் இரு பக்கச் சுவர்களுக்கும் இடையே ஸ்பிரிங் விசையால் இறுகி நிற்கும் ராடு கடைகளில் கிடைக்கிறது. சிறிய ஜன்னலுக்கு அது போதும். அதைவிட எளியது, நம் ஊர் ஜன்னல்களில் இருக்கும் கிரில். திரையின் மேல்விளிம்பில் நாடா தைத்து, கிரில் கம்பியிலேயே கட்டிவிடலாம். தரைத்தளத்தில் இருப்பவர்கள் ஜன்னல் முழுவதையும் மூடிவிட்டுப் பகலிலும் டியூப்லைட் போட்டுக்கொண்டு வாழ்வதைப் பார்க்கிறேன். அவர்களுக்கு அரைத்திரை போதும். ஜன்னலின் கீழ்ப்பாதிக்கு மட்டும் துணி, மேல்பாதி திறந்தே இருக்கும். தெருவில் போகிறவர் கண்ணுக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள், வானம் உங்கள் கண்ணுக்குத் தெரியும். பழைய டாக்டர் கிளினிக்குகளில் பச்சைத் துணியில் தொங்கிய அதே சங்கதிதான். பச்சையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு இரண்டு அடுக்கு வேண்டும். கண்ணாடிப் பக்கம் வெள்ளை வேட்டி, அறைப் பக்கம் உங்களுக்குப் பிடித்த நிறம். வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பும், உள்ளே இருக்கும் வண்ணத்துணி வெளுக்காமலும் பார்த்துக்கொள்ளும். எட்டு முழ வேட்டியைக் குறுக்கே பாதியாக வெட்டினால் சாதாரண ஜன்னலுக்கு இரண்டு திரை வந்துவிடும். சென்னையில் மே மாத மத்தியானத்தில் இது அலங்காரம் மட்டுமல்ல என்று உங்களுக்கே தெரியும்.

இனி லாஃப்ட். வாடகை வீட்டில் கண்ணை உறுத்துவது எது என்று என்னைக் கேட்டால் தயங்காமல் கதவில்லாத சிமென்ட் லாஃப்டைச் சொல்வேன். அண்டா, கிறிஸ்துமஸ் ஸ்டார், கொலுப்பெட்டி, பழைய பாய், டிவி வந்த அட்டைப்பெட்டி எல்லாம் சோபாவுக்கு நேர் மேலே உட்கார்ந்து விருந்தாளியை முறைக்கும். அறையில் வேறு எதை அழகாக்கினாலும் இது இருக்கும்வரை பிரயோஜனம் இல்லை. இங்கே புடவையை வெட்டவே வேண்டாம். லாஃப்டின் இரு பக்கச் சுவர்களுக்கு இடையே பிளாஸ்டிக் பூசிய ஸ்பிரிங் கம்பியை இழுத்துக் கட்டி, புடவையைப் படுக்கைவாட்டில் அதன்மேல் மடித்துப் போடுங்கள். முன்பக்கம் லாஃப்டின் வாய் அளவுக்கு இறங்கட்டும், மீதி பின்பக்கம் போகட்டும். பதினெட்டு அடி நீளம் பத்தடி லாஃப்டில் சுருங்கி விழும்போது கொசுவம் அளவாக அமையும். கீழ்விளிம்பில் கரை ஒரே கோடாக அறையின் குறுக்கே ஓடும். கம்பி நடுவில் தொய்யாமல் இருக்க, புடவை இலேசானதாக இருக்க வேண்டும், கனத்த காட்டன் ஆகாது. கம்பியின் இரு முனைகளையும் மாட்ட, முந்தைய குடித்தனக்காரர்கள் விட்டுப்போன ஆணிகள் லாஃப்டுக்குள் அநேகமாக இருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். இல்லையென்றால் இந்த ஓர் இடத்துக்கு மட்டும் வீட்டுக்காரரிடம் இரண்டு கொக்கிக்கு அனுமதி கேட்கலாம். லாஃப்டின் உட்பக்கம் என்றால் பெரும்பாலும் சரி என்றுவிடுவார், அவர் கண்ணுக்கே தெரியாத இடம்.

ஒரே ஹாலில் படுக்கையும் படிப்பும் விருந்தும் நடக்கிற வீடுகளில் இரும்பு பீரோவைக் குறுக்கே நிறுத்தித் தடுப்பாக வைப்பது வழக்கம். பீரோவின் முதுகு அப்போது ஹாலைப் பார்க்கும். அது இரும்புதானே? நாலு மூலையிலும் காந்தம் வைத்தால் துணி நிற்கும். கிழிந்த பட்டுப்புடவையின் முந்தானையோ, ஒரு காரைக்குடிக் கண்டாங்கியின் கட்டமோ அங்கே மாட்டினால், பீரோ இருப்பதே மறந்துபோகும். நாளைக்குச் சலித்துவிட்டால் வேறு துணி.

துணியைக் கஞ்சிப் பசையால் சுவரிலேயே ஒட்டி, காலி செய்யும்போது தண்ணீர் தெளித்து உரிக்கலாம் என்று ஒரு யோசனை குளிர்நாடுகளிலிருந்து வந்து சுற்றிக்கொண்டிருக்கிறது. நம் ஊர் ஐப்பசி மழைக்கு அது சரிப்படாது. ஈரச்சுவர், மாவுப்பசை, துணி மூன்றும் சேர்ந்தால் பூஞ்சைக்கும் கரப்பானுக்கும் விருந்து வைத்ததாகிவிடும்.

சுவருக்கு ஏதாவது வேண்டும் என்று தோன்றினால் தொம்பையை நினைத்துப் பாருங்கள். தேரிலும் கோயில் மண்டபங்களிலும் உருளையாகத் தொங்குமே, அதுதான். கும்பகோணம் பக்கம் கருப்பூரில் இதைக் கலம்காரி ஓவியமாகவே தீட்டுகிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் வெட்டுத்துணிகளை ஒட்டுவேலையாகத் தைத்துச் செய்கிறார்கள். வீட்டுக்கு அதன் குட்டி வடிவம் போதும். எட்டு அங்குல எம்பிராய்டரி மரவளையம் இரண்டு வாங்குங்கள். சுற்றளவு 25 அங்குலம் வரும், தையலுக்கு ஓர் அங்குலம் சேர்த்துத் துணி வெட்டிக்கொள்ளுங்கள். நிறம் மாற்றி மாற்றி மூன்று நான்கு துண்டுகளை மேலும் கீழுமாக இணைத்து ஒரு குழாயாகத் தைத்து, மேலே ஒரு வளையம், கீழே ஒரு வளையம். அடியில் நாலைந்து நாக்குகளாக முக்கோணத் துண்டுகள். குஷன் தைத்து மிஞ்சிய துணியெல்லாம் இதில் தீர்ந்துவிடும். ஏற்கெனவே இருக்கும் ஒரு கொக்கியில் மூலையில் தொங்கவிடலாம், ஃபேன் காற்று நேரே படாத இடமாக. இவ்வளவு சொன்னவற்றில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். விதியில் சொன்ன 'வேலை' இதற்கு இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். விதியை வைத்தவள் நான்தான், ஒரு விலக்கு எடுத்துக்கொள்கிறேன்.

பீரோவில் ஒன்றும் தேறவில்லை, வாங்கத்தான் வேண்டும் என்றால் 'கர்ட்டன்' என்று பெயர் ஒட்டிய துணியைக் கேட்காதீர்கள். பெட்ஷீட் கேளுங்கள். 90-க்கு 100 அங்குல டபுள் பெட்ஷீட்டை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்தால் எட்டடி உயரத்தில் இரண்டு வாசல் திரை. திரைத்துணியை மீட்டர் கணக்கில் எடுத்தால் இதே அளவுக்குப் பெரும்பாலும் அதிகம் ஆகும். சென்னிமலை பெட்ஷீட்டின் கனம் இதற்குச் சரியாக இருக்கும். 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸின் தள்ளுபடிக் காலத்துக்குக் காத்திருந்து வாங்கலாம். சென்னையில் கோடவுன் தெரு இருக்கிறது. ஈரோட்டுக்காரர்களுக்குக் கனி மார்க்கெட்டின் செவ்வாய்ச் சந்தையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கரூர்ப் பக்கம் போனால் ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய மேசைவிரிப்பும் சமையலறைத் துண்டும் விசாரியுங்கள். தரைக்குப் பவானி ஜமுக்காளம். டைல்ஸ் போட்ட காலி ஹாலில் பேச்சு எதிரொலிப்பதை அது விரித்த அன்றே குறைத்துவிடும். கைத்தறியில் நெய்ததா என்று கேட்டு வாங்குங்கள், விசைத்தறி நகல்கள் ஏராளம்.

நிறம் பற்றி ஒன்று மட்டும். கடை வெளிச்சத்தை நம்பாதீர்கள். வீட்டு டியூப்லைட்டின் வெள்ளையில் மாம்பழ மஞ்சள் பச்சையடித்துப்போகும், அரக்கு பழுப்பாகும். ஒரு துண்டு கொண்டுவந்து ராத்திரி எட்டு மணிக்கு உங்கள் அறையில் பிடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். தரை சிவப்பா, மொசைக்கா, சந்தன நிற டைல்ஸா என்று பாருங்கள். அது உங்களால் மாற்ற முடியாதது, மற்ற நிறங்கள்தான் அதற்கு இசைந்துபோக வேண்டும்.

வீடு மாறும்போது: அடுத்த வீட்டு ஜன்னல் உயரம் யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. அதனால்தான் கீழ் மடிப்புக்கு ஆறு அங்குலம் விடச் சொன்னேன். நீளம் போதாவிட்டால் தையலைப் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். அதிகமானால் இன்னும் ஒரு மடிப்பு. எல்லாத் திரைகளையும் துவைத்துக் காயவைத்தே மூட்டை கட்டுங்கள், ஈரத்தோடு கட்டினால் கரும்புள்ளி விழும். படுக்கையறைத் திரைகளை மட்டும் மற்ற துணியோடு சேர்க்காமல், ராடு, நாடா, நாலு ஊக்கு இவற்றோடு தனிப் பையில் போட்டு, வண்டியில் ஏற்றாமல் உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். புது வீட்டில் முதல் ராத்திரி பால் காய்ச்சிய பாத்திரத்தைத் தவிர எதுவும் கையில் அகப்படாது, எதிர்வீட்டு பால்கனியில் மட்டும் ஆள் இருக்கும்.

இப்படிக்கு,
உங்களைப் போலவே ஒரு குடித்தனக்காரி